ஏழாம் நம்பர் மலைப் பாட்டு

நாகலெட்சுமி: சுவெட்டரைக் கழட்டாதீங்க டீச்சர். இது ஒங்க யாழ்ப்பாணம் இல்ல, நோட்டன் பிரிட்ஜ். பத்து மணி வெயில நம்பிக் கழட்டுனா பதினொரு மணிக்குத் தும்முவீங்க.

குணபூசணி: எனக்கே சொல்லித் தாறியோ? அஞ்சு வருசம் இஞ்ச படிப்பிச்சனான்.

நாகலெட்சுமி: அஞ்சு வருஷமும் தும்மிக்கிட்டேதானே படிச்சுக் குடுத்தீங்க.

குணபூசணி: உன்ர வாய் மட்டும் அப்பிடியே இருக்கு.

நாகலெட்சுமி: மத்ததெல்லாம் மாறிருச்சாக்கும்?

குணபூசணி: பின்ன? ரெட்டைப் பின்னலோட நிண்ட பத்து வயசுப் பிள்ளை. இப்ப தலையில நரை. பஸ்ஸால இறங்கி உன்னைத் தாண்டியெல்லோ போட்டன்.

நாகலெட்சுமி: நான் ஒங்கள அந்தக் கொடைய வச்சே கண்டுபுடிச்சிட்டேன். இன்னும் பெரம்பு மாதிரியே புடிச்சிருக்கீங்க. ஹட்டன் பஸ்ல இருந்து ஒரு கொட எறங்குது, பின்னாடி டீச்சர் எறங்குறாங்க.

குணபூசணி: போடி... உன்ர நம்பரைப் போனில பாத்த நேரம் ஆரோ லொத்தர் விக்கிற ஆக்கள் எண்டு கட் பண்ணிப் போட்டன்.

நாகலெட்சுமி: மூணு தடவ கட் பண்ணீங்க. நாலாவது தடவதானே எடுத்தீங்க. 'தம்பி புள்ளைக்குத் தொட்டி போடுறோம், வாங்க டீச்சர்'னு சொன்னதும் மறுபேச்சு பேசல. அதுக்கே நான் ஒங்க கால்ல விழணும்.

குணபூசணி: தம்பியெண்டால் ஜீவராஜ் தானே? நான் இஞ்ச இருக்கேக்க அவன் தொட்டிலுக்க கிடந்தவன்.

நாகலெட்சுமி: அவன்தான். கல்யாணம் கட்டி எட்டு வருஷம் டீச்சர். அவன் பொண்டாட்டி தனுஷிகா போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்து ஒரு பொம்பளப் புள்ள. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். அத்தைக்காரி நான்தான் தொட்டியில போடணும், காதுல பேரச் சொல்லணும், மொதப் பாட்டு பாடணும். அது எங்க வழக்கம்.

குணபூசணி: நல்ல வழக்கம். உன்ர குரலுக்கு என்ன குறை... இப்பவும் பாடுறனியே?

நாகலெட்சுமி: பாடாம எப்படி? புள்ளக்காம்பராவுலதானே வேலை. அம்மாமாரு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனா புள்ளைங்கள நான்தான் பாத்துக்கிறேன். இருவது புள்ளைய ஒரே நேரத்துல தூங்க வைக்கணும்னா பாட்ட விட்டா வேற வழியில்ல. இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி?

குணபூசணி: காணும் பிள்ளை.

நாகலெட்சுமி: காணாது. குடிங்க. ...நெனச்சுப் பாத்தா எல்லாம் ஒங்களாலதான் டீச்சர். அந்த நெல்லுப் பாட்டு ஞாபகம் இருக்கா?

குணபூசணி: ஐயோ, அதை ஏன் கிளப்புறாய்!

நாகலெட்சுமி: புத்தகத்துல நாத்து நடுற பாட்டு. நீங்க கையத் தட்டிப் பாடிக் காட்டுறீங்க. நாங்க நாப்பது பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறோம். சுதர்ஷினி எந்திரிச்சா பாருங்க...

குணபூசணி: 'டீச்சர், நெல்லு எந்த மரத்துல காய்க்கும்?'

நாகலெட்சுமி: கேட்டாளே! நாங்க என்னத்தக் கண்டோம்? கூப்பன் கடையில சாக்குல வர்றதுதான் அரிசி.

குணபூசணி: எனக்கு அண்டைக்குச் சிரிப்பும் வந்தது, வெக்கமாவும் கிடந்தது. வயலைக் காணாத பிள்ளையளுக்கு நான் நாற்று நடப் படிப்பிக்கிறன்.

நாகலெட்சுமி: வேற டீச்சரா இருந்தா அடிச்சிருப்பாங்க. நீங்க சோக்கக் கீழ வச்சீங்க. 'நாளைக்கு எல்லாரும் உங்கட வீட்டில பாடுற பாட்டு ஒண்டு கொண்டு வாங்கோ' அப்படின்னீங்க. எங்களுக்கு ஒரே வெக்கம். லயத்து வீட்டுல பாடுற பாட்டப் போயி ஸ்கூல்ல பாடுறதான்னு.

குணபூசணி: கந்தப்பன் முதல் ஆளா எழும்பினவன். கங்காணியின்ர மீசையைப் பற்றி ஒரு பாட்டு.

நாகலெட்சுமி: பாடி முடிச்சுத் திரும்பிப் பாத்தா ஜன்னல்ல பெரிய வாத்தியார்! நாங்க செத்தோம்னு நெனச்சோம். அவரு என்னடான்னா வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறாரு.

குணபூசணி: பிறகு நீ எழும்பினாய்.

நாகலெட்சுமி: நான் அம்மா பாட்டக் கொண்டு வந்தேன். நீங்க அதை அப்படியே கரும்பலகையில எழுதுனீங்க. 'ஏழாம் நம்பர் மலை'ன்னு பெரிய எழுத்துல... டீச்சர், எங்க மலையோட பேர நாங்க காலையில பெரட்டுக் களத்துலதான் கேட்டிருக்கோம். ஆளுகள வேலைக்குப் பிரிக்கிறப்ப அதட்டலோடதான் கேட்டிருக்கோம். வெள்ளையா, அழகா, பலகையில பாத்தது அன்னைக்குத்தான். நம்ம இருக்கிறதும் ஒரு எடந்தான்னு எனக்கு அன்னைக்குத்தான் தோணுச்சு. இத ஒங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு ரொம்ப நாளா வச்சிருந்தேன்.

குணபூசணி: ...நான் என்ன பெரிசாச் செய்தனான். எழுதினன். அவ்வளவுதான்.

நாகலெட்சுமி: அவ்வளவுதான். அத வேற யாரும் செய்யலையே.

குணபூசணி: சரி சரி, கண்ணைத் துடை. நல்ல நாளில... இண்டைக்குத் தொட்டிலில என்ன பாட்டுப் பாடப் போறாய்?

நாகலெட்சுமி: இது என்ன கேள்வி? அதே பாட்டுதான்.

குணபூசணி: எதை?

நாகலெட்சுமி: ஏழாம் நம்பர் மலை... அய்யோ டீச்சர், தேத்தண்ணி! சீலையெல்லாம் ஊத்திக்கிட்டீங்களே. சுட்டிருச்சா?

குணபூசணி: ஒண்டுமில்லை. கை வழுக்கிப் போச்சு. ...பிள்ளை, நல்ல நாளில சாமிப் பாட்டு ஒண்டு பாடினால் என்ன?

நாகலெட்சுமி: சாமிப் பாட்டுக்குப் பூசாரி இருக்காரு.

குணபூசணி: வேற தாலாட்டு தெரியாதோ?

நாகலெட்சுமி: தெரியும். ஆனா இதுதான் நீங்க சொல்லிக் குடுத்தது.

குணபூசணி: அது... நீளம் கூட. குழந்தை அழும்.

நாகலெட்சுமி: எட்டு வரி நீளமா? நெல்லுப் பாட்டு வேணும்னா பாடட்டா?

குணபூசணி: பகிடி விடாத நாகலெட்சுமி.

நாகலெட்சுமி: என்ன டீச்சர், மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? ஒங்களுக்கு மறந்திருச்சுன்னு நெனக்கிறேன். இருங்க, மெதுவாப் பாடுறேன்.

ஏழாம் நம்பர் மலையிலே – நான்
கொழுந்தெடுக்கப் போகையிலே
தொட்டிச் சீலை விட்டுப்போட்டு – என்
தங்கமே நீ எங்க போன?

குணபூசணி: காணும்.

நாகலெட்சுமி: இருங்க, இன்னும் இருக்கு.

பனி விழுற காலையிலே – உன்னப்
போத்திவிட்டுப் போனேனய்யா
வெயிலு வந்து பாக்கையிலே – என்
வெளக்கே நீ எங்க போன?

குணபூசணி: நிப்பாட்டு எண்டெல்லோ சொல்லுறன்! பக்கத்து அறையில பச்சைக் குழந்தை கிடக்கு.

நாகலெட்சுமி: அது கேக்கத்தானே டீச்சர் பாடுறது? அந்த ஆக்‌ஷன் ஞாபகம் இருக்கா? கைய நெத்தியில வச்சு இந்தப் பக்கம் தேடணும், அந்தப் பக்கம் தேடணும். அம்மா வேலையில இருந்து வருது, புள்ள ஒளிஞ்சு வெளையாடுது. கடைசியில எங்க கிளாஸ் ஊர்மிளா சீலைக்குப் பின்னாடி இருந்து குதிச்சு வருவா. அதுக்காக நீங்களே ரெண்டு வரி கட்டிக் குடுத்தீங்க...

குணபூசணி: மேடு பள்ளம் தேடி வந்தேன் – என் தங்கமே நீ இங்க இருக்க...

நாகலெட்சுமி: பாத்தீங்களா, மறக்கல!

குணபூசணி: மறந்தால் நல்லம் எண்டுதான் முப்பத்தஞ்சு வருசமா நினைக்கிறன். நீ இதை... வேற குழந்தையளுக்கும் பாடினனியோ?

நாகலெட்சுமி: இருவது வருஷமா புள்ளக்காம்பராவுல தூங்குன எல்லாப் புள்ளைக்கும். 'இங்க இருக்க'ன்னு வரும்போது அதுங்க போர்வைக்குள்ள இருந்து தலைய நீட்டும் பாருங்க, அதப் பாக்கவே...

குணபூசணி: கடவுளே. எல்லாம் என்ர பிழை.

நாகலெட்சுமி: என்ன பிழை?

குணபூசணி: எத்தினை மணி இப்ப?

நாகலெட்சுமி: பத்து இருவது.

குணபூசணி: கதவைச் சாத்து. இப்பிடி இரு. ...ஹட்டனில போட்டிக்குப் போனது ஞாபகம் இருக்கோ?

நாகலெட்சுமி: அஞ்சு பேரு. வெள்ளச் சட்டை, செவப்பு ரிப்பன். ரெண்டாவது அடி பாடும்போது நடுவரு மணிய அடிச்சிட்டாரு. நீங்க 'நேரம் முடிஞ்சுது பிள்ளையள்'னு சொல்லி எங்கள எறக்கிக் கூட்டிட்டுப் போயி, அஞ்சு பேருக்கும் மீனு வச்ச மாலு பணிஸ் வாங்கிக் குடுத்தீங்க.

குணபூசணி: நேரம் முடியேல்லை.

நாகலெட்சுமி: ம்...

குணபூசணி: அந்த நடுவர் கந்தப்பளைப் பக்கத்து ஆள். உங்கட பாட்டெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைத் தனியாக் கூப்பிட்டு, மெல்லமா, மரியாதையாத்தான் சொன்னவர். 'டீச்சர், இது தாலாட்டு இல்லைங்க. இது செத்துப் போன புள்ளைக்குப் பாடுற ஒப்பாரி. இதுக்கு ஏன் புள்ளைங்கள ஆட விட்டீங்க?' எண்டு. எனக்கு நிலம் பிளந்து விழுங்கின மாதிரி. நான் யாழ்ப்பாணத்தாள், எனக்கு உங்கட மெட்டு விளங்கேல்லை. நீயும் அறியாப் பிள்ளை. ஜீவராஜின்ர தொட்டிலுக்குப் பக்கத்தில இருந்து அம்மா பாடினதைக் கேட்டு, அது தாலாட்டு எண்டு நினைச்சுப் போட்டாய்.

நாகலெட்சுமி: அம்மா அவன் தூங்குனதுக்கு அப்புறந்தான் பாடுவாங்க. தொட்டிக் கயித்தப் புடிச்சிக்கிட்டு.

குணபூசணி: ஓம். அடுத்த நாள் பின்னேரம் நான் உங்கட லயத்துக்கு வந்தனான். மன்னிப்புக் கேக்கத்தான். நல்ல மழை. அம்மாவும் நானும் மட்டும். எல்லாத்தையும் சொன்னவ. பிள்ளை, நீ மனசைத் திடப்படுத்து... உனக்கு முன்னம் ஒரு அண்ணன் இருந்தவன்.

நாகலெட்சுமி: கஜேந்திரன்.

குணபூசணி: காய்ச்சலோட புள்ளக்காம்பராவில விட்டிட்டு... என்ன சொன்னனி?

நாகலெட்சுமி: பேரு கஜேந்திரன். எட்டு மாசம். வலது கண்ணு கிட்ட ஒரு மச்சம். அம்மா ஏழாம் நம்பர் மலையில நின்னாங்க. ஆளு வந்து சொன்னப்ப, 'கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டுப் போ'ன்னு வேலைய மேற்பார்வ பாக்குற கண்டாக்கு சொன்னாரு. நிறுத்துட்டு ஓடி வந்தாங்க. தொட்டியில சீலை மட்டுந்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

குணபூசணி: ...உனக்கு ஆர் சொன்னது?

நாகலெட்சுமி: நீங்க இருக்கிற இந்த வீடு புது வீடு டீச்சர். ஜீவராஜ் கட்டுனது. சொவரு கூரை வரைக்கும் இருக்கு. லயத்துல அப்படியா? பாதியிலயே நின்னுரும். மேல எல்லாம் ஒரே தகரம். இந்தக் காம்பராவுல ஒரு கொழந்த விக்குனா நாலாவது காம்பராவுல தண்ணி எடுத்துட்டு வருவாங்க. நான் பக்கத்துல, சுதர்ஷினி வீட்டுல, அஞ்சாங்கல் ஆடிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்த சத்தம் கேட்டுச்சு. அடி விழும்னு பயந்து சொவத்தோட ஒட்டி நின்னேன்.

குணபூசணி: எல்லாம் கேட்டியோ?

நாகலெட்சுமி: ஒரு சொல்லு விடாம.

குணபூசணி: மழைச் சத்தத்திலயுமோ? ...ஓம், ஓம். வாயே திறவாத மனுசி, அண்டைக்கு உரத்துத்தான் கதைச்சவ. தகரத்தில மழை கொட்டினதால எண்டு நினைச்சன். கடைசியா என்ர கையைப் பிடிச்சு, 'டீச்சர், இத எம்புள்ளகிட்ட நீங்க சொல்லிறாதீங்க' எண்டவ. அந்தச் சொல்லுக்காகத்தான்...

நாகலெட்சுமி: அந்தச் சொல்லுக்காகத்தான் மறுநாள் கிளாசுக்கு வந்து, கண்ணு ரெண்டும் செவந்து போயி, 'நடுவருக்குத் தெரியேல்லை பிள்ளையள், இது நல்ல தாலாட்டு' அப்படின்னீங்க. பொய் சொல்லிப் பழகாத வாயி டீச்சர் ஒங்களுக்கு. எங்க அம்மாவுக்காக ஒரு டீச்சர் நாப்பது புள்ளைங்க முன்னாடி பொய் சொல்றாங்களேன்னு நெனச்சேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். டீச்சர் தாலாட்டுன்னு சொன்னா அது தாலாட்டுதான்.

குணபூசணி: நான் ஏமாத்தினனான் எண்டு நீ கோவிக்கேல்லையோ?

நாகலெட்சுமி: கோவிச்சா ஒங்களத் தேடிக் கண்டுபுடிச்சு, மூணு தடவ கட் வாங்கி, இங்க வரைக்கும் கூட்டிட்டு வந்திருப்பேனா?

குணபூசணி: நான் அந்தப் பாட்டுக்கு ஆட்டமெல்லோ பழக்கினன்! செத்த பிள்ளையைத் தேடுற தாய்க்கு, 'இங்க இருக்க' எண்டு விளையாட்டா ஒரு வரியும் போட்டன். அதை நினைச்சால் இண்டைக்கும் சோறு இறங்காது.

நாகலெட்சுமி: அந்த வரிதான் இருவது வருஷமா எம்புள்ளைங்கள சிரிக்க வைக்குது.

குணபூசணி: ஆனா இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. எட்டு வருசம் தவமிருந்து பெத்த குழந்தை. ஒப்பாரியில தொடங்கக் கூடாது. அம்மாவும் பக்கத்திலதானே நிப்பா? அவவின்ர நெஞ்சு தாங்குமோ?

நாகலெட்சுமி: அதுதான் டீச்சர் எனக்கும் புரியல. நான் பாட நெனச்சேன், ஆனா பயந்தேன். 'அம்மா, தொட்டியில எந்தப் பாட்டப் பாட?'ன்னு கேட்டேன். அவங்கதான் 'அதே பாட்டு'ன்னாங்க.

குணபூசணி: செவனம்மாவோ? அவவே சொன்னவவோ?

நாகலெட்சுமி: அவங்களேதான். எனக்கு விஷயம் தெரியும்னு அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட மறைச்சீங்க, நான் ஒங்க ரெண்டு பேருகிட்டயும் மறைச்சேன். அவங்க முன்னாடி மூச்சு விட்றாதீங்க...

செவனம்மா: என்னடி கதவச் சாத்திக்கிட்டு டீச்சரோட குசுகுசுன்னு? மணி என்ன ஆச்சு? புள்ளைய குளிப்பாட்டி மையெல்லாம் வச்சாச்சு. அத்தையக் காணோம்னு தேடுது.

நாகலெட்சுமி: வந்துட்டேம்மா. டீச்சர் சீலையில தேத்தண்ணி ஊத்திக்கிட்டாங்க.

செவனம்மா: தேத்தண்ணி ஊத்துனதுக்கா டீச்சர் அழுவுறாங்க?

குணபூசணி: செவனம்மா... இந்தப் பாட்டு இண்டைக்கு வேணுமோ?

செவனம்மா: ஓ. அதுதானா. ...வேணும் டீச்சர்.

குணபூசணி: நான் தெரியாமப் போட்ட அந்தக் கடைசி வரிக்கு உங்களிட்ட மன்னிப்பே கேக்கேல்லை. அண்டைக்கு எனக்கு வாய் வரேல்லை.

செவனம்மா: மன்னிப்பா? நல்லா இருக்கு போங்க. டீச்சர், நான் பாடுனா அந்தப் பாட்டு 'எங்க போன, எங்க போன'ன்னு கேள்வியோடயே நின்னுரும். பன்னெண்டு வருஷம் கேட்டேன். மலையும் பதில் சொல்லல, சாமியும் சொல்லல. இவ ஸ்கூல்ல இருந்து வந்து, 'இங்க இருக்க'ன்னு கையத் தட்டிக்கிட்டு வாசல்ல ஆடுனா பாருங்க... மொதல்ல நெஞ்சுல குத்துன மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் மலைக்குப் போனா எனக்கும் அந்த வரி வந்துச்சு. கூடைய எறக்கி வச்சுட்டு அதையும் சேத்துப் பாடுனேன். அன்னையில இருந்து அதையும் சேத்துத்தான் பாடுறேன். நீங்க போட்ட வரி டீச்சர். அதுக்காகவே ஒங்கள ஒரு தடவ கண்ணால பாக்கணும்னு இருந்தேன்.

நாகலெட்சுமி: அம்மா... நீ என்ன, எம்முன்னாடியே...

செவனம்மா: ஒனக்குத் தெரியாத கதையா சொல்றேன்?

நாகலெட்சுமி: ...ஒனக்கு எப்படிம்மா தெரியும்?

குணபூசணி: செவனம்மா, பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டது நீங்களெல்லோ? நான் முப்பத்தஞ்சு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தனே!

செவனம்மா: நீங்க சொல்லிறக் கூடாதுன்னுதான் டீச்சர் கேட்டேன். பெத்தவதானே சொல்லணும்? லயத்துச் சொவரு கூரையத் தொடாதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் அஞ்சாங்கல்லு சத்தம் நின்னு போச்சு. எம்புள்ள சொவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறான்னு தெரிஞ்சிருச்சு. மூஞ்சப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல... அதான், மழைய விடச் சத்தமா, ஒங்ககிட்ட சொல்ற மாதிரி அவகிட்ட சொன்னேன்.